சம்பந்திக்கு வால் பிடித்தேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அதைப் பற்றிய பேச்சு குறையவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரும் சரிசெய்யவில்லை, தானாக நின்றது. அதனால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொரு செய்தி. நான் ஒரு விமானம் வாங்கியிருக்கிறேன்.

பயப்படாதே. இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். பேட்டரியில் ஓடி ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டுப் பறக்கும் மாதிரி விமானம். பெட்டியைத் திறந்தால் இறக்கை தனி, உடல் தனி, வால் தனியாகப் படுத்திருந்தன. எல்லாம் தெர்மாகோல் போன்ற நுரைப் பொருள். சாப்பாட்டு மேசை இப்போது என் வசம். அம்மா தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள். ஒவ்வொரு வாய்க்கும் என்னை ஒருமுறை பார்க்கிறாள்.

ஏன் இந்த வயதில் என்று கேட்பாய். மாப்பிள்ளையின் அப்பா, என் அருமைச் சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் விடுகிற கிளப்பில் பெரிய ஆள் என்பது உனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு அங்கே 'கேப்டன்' என்று பெயர். அந்த மைதானத்துக்குள் போக வேண்டுமானால் சொந்த விமானம் வேண்டும். அதனால் வாங்கினேன். அவருடைய மானம் எங்கே குடியிருக்கிறதோ அங்கே போய்த்தானே அதைத் தொட முடியும்?

அந்த விருந்தை விட்டுவிடச் சொல்லி நீ எழுதியிருந்தாய். முயன்று பார்த்தேன், முடியவில்லை. நான் கை கழுவப் போயிருந்தேன். கூடம் முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பி வந்தேன். மாப்பிள்ளையின் பதவி உயர்வுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்த நீ, அந்த வார்த்தையின் முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தாய். உனக்கு வார்த்தை நிற்பது பிறந்ததிலிருந்து உள்ளது. கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். பொறுக்க உன் மாமனாருக்கு என்ன கேடு? உன் கையிலிருந்து மைக்கை வாங்கி, "ந... ந... ந... வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, யாராச்சும் தள்ளி விடுங்கப்பா" என்றார். என் காதில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே போல ஒரு கூட்டத்துக்கு முன்னால், அதே போல ஒரு மைக்கோடு, அந்தச் சிரிப்பு அவர்மேல் விழ வேண்டும். எப்படி என்று எனக்குத் தெரியாது. முதலில் வாலை ஒட்டுகிறேன்.

வாலை ஒட்டியதிலேயே தோல்வி. வீட்டில் இருந்த பசையை எடுத்துத் தடவினேன். நுரை அந்தப் பசைக்கு வெண்ணெய் மாதிரி உருகி ஒரு குழி விழுந்துவிட்டது. நுரைக்கென்று தனிப் பசை இருக்கிறதாம். கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன், தடித்த எழுத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன் பார். பழிவாங்கக் கிளம்புகிறவனுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

இப்போது நிதானமாகச் செய்கிறேன். மோட்டாரைச் சோதிக்கும்போது மூக்கில் சுற்றும் விசிறியை மாட்டக் கூடாது; எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கடைசியாகத்தான் மாட்ட வேண்டும். முதலில் ரிமோட்டைப் போட்டுவிட்டு அப்புறம் பேட்டரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு ரிமோட். மாற்றிச் செய்தால் மோட்டார் தன்னிஷ்டத்துக்குச் சுற்றி விரலைக் கொண்டுபோய்விடும். பேட்டரியைச் சார்ஜில் போட்டால் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; சில சமயம் தீப்பிடிக்குமாம். நான் வெறும் தரையில் வைத்து, மணல் வாளியோடு முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். "அடுப்புல பாலை வெச்சுட்டுப் பாத்துக்கோங்கன்னா பேப்பர் படிப்பீங்க. இதை மட்டும் கண்ணு கொட்டாம பாக்கறீங்க" என்கிறாள் அம்மா.

நேற்று இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனிகளை வைத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தேன். மூக்கு மிக லேசாகக் கீழே சாய்ந்து நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சாப்பிட மேசை எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

கோபப்படாமல் பதில் எழுது. மழையில் நனையாதே.

உன்னை நினைத்தபடி,
அப்பா

*

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. "இது உங்களுக்குப் பொருந்தலைப்பா" என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கும் அப்படித்தான் படுகிறது. தொப்பி வேறு வாங்கிவிட்டேன்.

கிளப்பில் சேர்ந்துவிட்டேன். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் காய்ந்த புல்வெளி. ஒரு பக்கம் கயிறு கட்டியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அதற்கு அப்பால்தான் நிற்க வேண்டும், எந்த விமானமும் அதைத் தாண்டி அவர்கள் தலைக்கு மேல் போகக் கூடாது. செயலாளர் ஒரு பல் மருத்துவர். எதைக் கேட்டாலும் "வாயைத் திறங்க" என்பதுபோல முகத்துக்கு மிக அருகில் வந்து பதில் சொல்வார். எனக்குப் பறக்கவிடக் கற்றுத்தந்தவர் அவர்தான்.

விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது இடது இடதாக இருக்கிறது. நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடது வலதாகிவிடுகிறது. எனக்கு மூளை கலங்கிவிட்டது. முதல் நாள் விமானத்தைப் புல்லில் குத்தினேன். "வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கோ, அந்தப் பக்கமே ரிமோட் குச்சியைத் தள்ளுங்க, நிமிர்ந்துடும்" என்று சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு குத்தவில்லை. உயரத்தில், காற்றை எதிர்த்து, அது ஒரு வட்டம் முழுதாகச் சுற்றி வந்தபோது எனக்கு மூச்சே வரவில்லை. அந்த ஒரு வட்டத்தின்போது உன் மாமனாரை நான் மறந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் என்னைப் பார்த்ததும் முதுகில் தட்டி, "வாங்க சம்பந்தி, இது புள்ளி கமா போடற வேலை இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. விமானம் கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் அதன் பின்னால் குந்தி உட்கார்ந்து, வாலுக்கு முன்னால் உடலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பறக்கவிடுகிறவர் குச்சிகளை அசைத்துக் காட்டுவார். பிடித்திருப்பவர் எல்லாவற்றையும் பார்த்து, திருப்தியான பிறகு, "கையை எடுத்துட்டேன்" என்று உரக்கச் சொல்லி விலகுவார். அந்த வார்த்தை வராமல் எந்த விமானமும் கிளம்பாது. கிளப்பில் இதற்கு 'வால் பிடிக்கிறது' என்று பெயர். முட்டி வலிக்கும், முகத்தில் தூசி அடிக்கும். அதனால் யாரும் விரும்புவதில்லை. நான் செய்கிறேன் என்றேன். செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்மாவிடம் சொன்னபோது சாம்பிராணிப் புகை கண்ணில் பட்டதுபோல முகம் மாறிவிட்டது. "பழி வாங்கறேன்னு போயிட்டு அந்த ஆளுக்கே வால் பிடிக்கறீங்களா? வெளிய சொல்லிடாதீங்க" என்றாள். பிறகு நான் முழுவதும் விளக்கினேன். கேட்டுவிட்டு ஒரு காப்பி போட்டுத் தந்தாள்.

ஏனென்றால் பாப்பா, என் கை விமானத்தின்மேல் இருக்கும்வரை கேப்டன் வெறும் மனிதர். முதல் ஞாயிறு அவருடைய பேட்டரியைக் கட்டும் பட்டை தளர்ந்திருந்தது. கையை எடுக்கவில்லை. திட்டிக்கொண்டே கழற்றிக் கட்டினார். அடுத்த முறை விசிறியின் ஓரத்தில் ஒரு கீறல். நகத்தால் தடவிக் காட்டினேன். "இதெல்லாம் ஒரு கீறலா?" என்றார். சுற்றும்போது உடைந்து பறந்தால் கண்ணில் குத்தும் என்றேன். மாற்று விசிறி வீட்டில் இருந்தது. அன்று முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்கள் பறக்கவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வாரம் பேட்டரி உப்பியிருந்தது. அதைத் தொடவே கூடாது என்று செயலாளரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு முறையும் கேப்டன் திட்டுகிறார். நான் கையை எடுப்பதில்லை. எனக்கு 'ஹேண்ட் பிரேக்' என்று பெயர் வைத்துவிட்டார். கிளப்பே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. இல்லாத குறையைச் சொல்லலாமா என்று ஒருமுறை யோசித்தேன். வாய் வரவில்லை. அச்சகத்திலும் அப்படித்தான்; பிடிக்காத ஆசிரியர் என்பதற்காகச் சரியான வரியை அடித்ததில்லை.

ஆனால் ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. அவர் திருந்திக்கொண்டே வருகிறார். போன ஞாயிறு பட்டை இறுக்கமாக இருந்தது, விசிறி புதிது, திருகு ஒவ்வொன்றும் முடுக்கியிருந்தது. தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கையை எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவரும் பிரமாதமாகச் சுற்றிக் காட்டினார். என் பழிவாங்கலால் அந்த மனிதர் கிளப்பிலேயே பத்திரமான விமானி ஆகிக்கொண்டிருக்கிறார். இதைவிட வேடிக்கை உண்டா? அம்மா, "இன்னும் கொஞ்ச நேரம் சும்மாவாவது பிடிச்சு வெச்சிருக்கலாம்ல" என்கிறாள். உன் அம்மாவுக்குக் கொள்கை என்று எதுவும் கிடையாது.

வரும் மாதம் பொதுமக்களை அழைத்துக் காட்டுகிற நாள். விருந்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வருவார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எல்லோரும் உண்டு. சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு பேசியபடியே பறக்கவிடப்போவது கேப்டன். வால் பிடிக்கப்போவது நான்.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அவர் நல்ல பிள்ளை. அவருக்கு இதில் பங்கு இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நலம் நாடும்,
அப்பா

*

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பதற்றத்தோடு இருப்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கும் அடிபடவில்லை. அம்மா நலம். உன் மாமனாரும் நலம்தான், உடம்பைப் பொறுத்தவரை.

நல்ல வெயில், காற்று குறைவு. கயிற்றுக்கு அப்பால் நாற்காலிகள் நிறைந்து, பலர் நின்றுகொண்டும் இருந்தார்கள். அம்மா இரண்டாம் வரிசையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள், எதையோ வேடிக்கை பார்க்க வந்தவள்போல. நான் விடிந்ததிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் வால் பிடித்து முட்டி கழன்றுபோயிருந்தேன். கேப்டன் காலையில் சின்ன விமானத்தை விட்டுக் காட்டினார், குறையே இல்லை. பிற்பகலில் அவருடைய பெரிய விமானத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஆள் நீளத்துக்கு இறக்கை. நான் பின்னால் குந்திப் பிடித்துக்கொண்டேன். பட்டை, விசிறி, திருகு, பேட்டரி, எல்லாம் கச்சிதம்.  இவ்வளவு தூரம் வந்து, கூட்டமும் மைக்கும் கூடி வந்து, கடைசியில் நான் கையை எடுத்து அவருக்குக் கைதட்டு வாங்கித்தரப் போகிறேன் என்று நினைத்தேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று பேசிக்கொண்டே குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "பாருங்க, எல்லாம் ஆடுது" என்றார். ஆடியது. ஆனால் பாப்பா, ஆடுவதைப் பார்ப்பது சோதனை ஆகாது. எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஓரத்தில் உள்ள மடல் மேலே எழ வேண்டும், இடது மடல் தாழ வேண்டும். வலது மடல் தாழ்ந்தது.

நான் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ஒரே ரிமோட்டில் பல விமானங்களின் அமைப்புகளைச் சேமித்து வைக்கலாம். ஒவ்வொரு முறையும் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் காலையில் விட்ட சின்ன விமானத்தின் அமைப்பை மாற்றாமல் பெரியதைக் கிளப்பப் போகிறார். மேலே ஏறியதும் வலப்பக்கம் திருப்புவார். அது இடப்பக்கம் சாயும். பதறி இன்னும் வலப்பக்கம் தள்ளுவார், இன்னும் சாயும். அவ்வளவுதான், மண்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டு வார்த்தை சொல்லி விலகினால் போதும். நான் இட்டுக்கட்டியது அல்ல, அவரே செய்துகொண்டது. மைக் சட்டையில் இருக்கிறது. கூட்டம் இருக்கிறது. உள்ளங்கையில் விமானம் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது என்று உன்னிடம் எழுத எனக்கு வெட்கமில்லை.

இரக்கம் வந்து தடுத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இரக்கம் வரவில்லை. விமானம் சாயப்போகிற இடப்பக்கம்தான் கயிறு. இரண்டாம் வரிசையில் ஒரு குடை. அதுதான் காரணம்.

"கையை எடுக்கல" என்றேன்.

அவருக்குக் கேட்டது. திரும்பாமலே, சிரித்துக்கொண்டு, மைக்கில் சொன்னார்: "நம்ம சம்பந்தி, ஹேண்ட் பிரேக், மாட்டிக்கிட்டாரு. யாராச்சும் தள்ளி விடுங்கப்பா!"

அன்று விருந்துக் கூடம் சிரித்ததுபோலவே மைதானம் சிரித்தது. அதே வாக்கியம், பாப்பா. உன்மேல் எறிந்ததை அவர் நினைவில்கூட வைத்திருக்கவில்லை. அந்த நாக்குக்கு அது பழக்கம், அவ்வளவுதான். அப்போது என் பிடி இன்னும் இறுகியது.

நான் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் கேட்கிறாற்போலச் சொன்னேன், "தப்பு ஒண்ணு இருக்கு சம்பந்தி. என்னன்னு நான் சொல்லப்போறதில்லை. நீங்களே சொல்லுங்க. சொன்னா எடுக்கறேன்." அவர் பக்கத்தில் வந்து குனிந்ததால் அது மைக்கிலும் ஏறிவிட்டது. சிரிப்பு அடங்கியது.

அவர் விசிறி பக்கம் கையைக் கொண்டுபோனார். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள் என்றேன். அவருடைய விரல்மேல் எனக்குப் பகை இல்லை. கழற்றினார். பட்டையைப் பார்த்தார், திருகுகளைப் பார்த்தார், விசிறியைத் தடவினார், மறுபடி பேட்டரியை மாட்டினார். இடது வலதாகத் தெரிகிற எதிர்ப்பக்கத்தில் நின்றபடி குச்சியை ஆட்டினார். "ஆடுதே?" என்றார்.  மறுபடி ஆட்டினார். வியர்த்துவிட்டது. "இது வந்து..." என்றார். "அது... இந்த..." என்றார். எல்லாம் மைக்கில் கேட்டது. அவர் வாய் திறந்து மூடுவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள், விருந்தில் சிரித்தவர்கள், எல்லோரும்.

அப்போது நான் சொன்னேன்: "அவசரமில்ல சம்பந்தி. மெதுவாச் சொல்லுங்க. எல்லாரும் காத்திருக்கோம்."

அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் இந்த மைதானம், எந்த விருந்து, யாருடைய அப்பா, எல்லாம் அந்த ஒரு நொடியில் அவருக்குப் புரிந்தது. 

கடைசியில் பல் மருத்துவர் ஓடிவந்து என் பின்னால் குனிந்து பார்த்தார். "ஐயோ கேப்டன், தலைகீழா இருக்கே! வேற விமானத்து செட்டிங்!" என்றார். யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மைதானமே சிரித்தது. லைசென்ஸ் யாருங்க குடுத்தது என்று பின்வரிசையில் ஒருத்தன் கத்தினான். நான் அந்தச் சிரிப்பை முழுதாகக் கேட்டேன். இனித்தது. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், நன்றாக இனித்தது. அம்மா குடையை மடக்கிவிட்டுக் கைதட்டினாளாம். பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

அவர் அமைப்பை மாற்றினார். குச்சியை வலப்பக்கம் தள்ளினார், வலது மடல் எழுந்தது. நான் "கையை எடுத்துட்டேன்" என்று சொல்லி விலகினேன். அவர் பறக்கவிடவில்லை. தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் மேசையில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் நின்றார். மைக் இல்லை. "சம்பந்தி, அன்னிக்கு விருந்துல நான் பாப்பாவை..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைச் செருமினார், மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். அந்த வாக்கியத்தை முடித்துக்கொடுப்பது எனக்கு ஒரு நொடி வேலை. வாழ்நாள் முழுக்க அடுத்தவருடைய வாக்கியத்தைச் சீராக்கிக் கொடுத்தவன்தானே. ஆனால் நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது எனக்குச் சேர வேண்டிய வாக்கியம் இல்லை. "அதை அவகிட்ட சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எனக்குக் கோபம் தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. அவர் தோற்றதைப் பார்த்துவிட்டேன், ஆனால் நான் கேட்க விரும்பியது அவர் குரலை இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அந்த விருந்துக்குப் பிறகு நீ போன் செய்வதே இல்லை. மாப்பிள்ளை பேசுகிறார், நீ எழுதுகிறாய். அழகாகத்தான் எழுதுகிறாய், ஒரு பிழை இல்லை. அம்மா கடிதத்தை வாங்கி மடித்து வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அவர் அழைத்தால் எடுப்பதும் எடுக்காததும் உன் விருப்பம். அவர் எவ்வளவு நேரம் திணறினாலும் நீ உதவத் தேவையில்லை. மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை, நானே மன்னிக்கவில்லை.

ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, பாப்பா. எங்களுக்குப் போன் பண்ணு. எந்த எழுத்தில் நின்றாலும் பரவாயில்லை. நாங்கள் இருவரும் போனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். நீ சொல்லி முடிக்கும்வரை போனை வைக்கமாட்டோம்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா